கல் வாடகை ஒரு கை மாவு

முப்பிடாதியம்மாள் யாரையும் நம்பமாட்டாள். பால்காரன் பாலில் தண்ணீர் கலக்கிறான் என்று தாராவியில் எல்லாரும்தான் சொல்வார்கள். அவள் ஒருத்திதான் அந்தத் தண்ணீரில் என்ன கலக்கிறான் என்று கேட்பாள். கோவிலில் திருநீறு கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள். கல்யாணமாகி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியபோது வழிநெடுக டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வந்தவள். பக்கத்தில் இடம் இருக்கிறது என்று புது மாப்பிள்ளை வெயிலுமுத்து எவ்வளவோ சொல்லியும் இறங்கவில்லை. பெட்டிக்குள் இருந்ததெல்லாம் இரண்டு சேலையும் கொஞ்சம் கருப்பட்டியும்தான். அந்தக் கருப்பட்டியை மாப்பிள்ளையே எடுத்துத் தின்றுவிடுவானோ என்று பயந்ததாக வெகுகாலம் கழித்து அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவள் வியாபாரம் செய்தால் எப்படி இருக்கும்? செய்தாள். அதுவும் கடைகண்ணிக்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில் செய்தாள்.

ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். மழை பொய்த்து, ரேஷன் கடையில் அரிசி கண்ணில் படுவதே அரிதாகி, கோதுமையும் கப்பலில் வந்த சிவப்புச் சோளமுமாக அளந்து போட்டார்கள். காட்கோபரில் வெயிலுமுத்து வேலை பார்த்த லேத் பட்டறைக்கு ஆர்டர் வருவது நின்றுபோயிற்று. முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு வாசலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். கூப்பிடுவார்கள் என்று வெயிலுமுத்து நம்பினான். அவனுக்குச் சேர்த்து முப்பிடாதி நம்பாமலிருந்தாள்.

எதிர்த்த கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், குடியிருந்த மரியசூசைக்குத் தோல் கிடங்கில் வேலை. அவன் ஒரு யோசனை சொன்னான். கிடங்கில் வெட்டிக் கழித்த தோல் துண்டுகளை வாங்கி, இரண்டு பேரும் கூட்டாக வாட்ச் வார் தைத்து விற்கலாம் என்றான். வெயிலுமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முப்பிடாதி சம்மதிக்கவில்லை.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. இருக்குத வேலைய விட்டுட்டு அவியொ எதுக்கு உங்களக் கூப்பிடுதாவ? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?"

"அவரு எங்க வேலைய விடுதாரு? சாயங்காலம் வந்து தைப்பமுன்னுதான் சொல்லுதாரு."

"அப்பம் பகல் பூரா தைக்கது நீங்க. பாதி அவியளுக்கு. நல்லாருக்கே கணக்கு!"

வாட்ச் வார் அத்தோடு போயிற்று. ஆனால் வீட்டில் உலை கொதிக்க ஏதாவது செய்தாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அடுத்த சந்தில் இருந்த பிரம்மநாயகம், மில் வேலை போய், குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினான். பாத்திரம் பண்டங்களைக் கட்டினார்கள், பாயைச் சுருட்டினார்கள். ஆட்டுரலை என்ன செய்வது? ஊரிலிருந்து எப்படித்தான் கொண்டுவந்தார்களோ, நல்ல கருங்கல் உரல், குழவியோடு. அதைத் திரும்ப ரயிலேற்ற யாருக்கும் தெம்பில்லை. முப்பிடாதி தன் பித்தளைக் குடத்தைக் கொடுத்து உரலை வாங்கினாள். கொடுக்குமுன் உரலின் குழி நிறையத் தண்ணீரை ஊற்றி, கீறல் ஏதும் இருந்து கசிகிறதா என்று ஒரு பகல் முழுக்கப் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தாள். மரியசூசைதான் கை கொடுத்து உரலை உருட்டிக்கொண்டு வந்து, அவள் கோலி வாசலில் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தான். காசு பணம் கேட்காமல் ஒரு ஆள் இவ்வளவு பாரத்தை ஏன் தள்ள வேண்டும் என்று அன்றிரவு அவளுக்கு யோசனையாகவே இருந்தது.

அந்தச் சந்தில் அம்மி பல வீட்டில் உண்டு. ஆட்டுரல் ஒன்றுகூடக் கிடையாது. உரலை வைத்தால் படுக்க இடமிருக்காது, கோலி அவ்வளவுதான். தோசைக்கும் இட்லிக்கும் நெஞ்சு தவித்துக் கிடந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முப்பிடாதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். காசு வேண்டாம், யார் ஆட்டினாலும் ஆட்டி முடித்ததும் ஒரு கை மாவை அவளுடைய அலுமினியப் போணியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் கல்லுக்கு வாடகை.

சேர்ந்த மாவில் உப்புப் போட்டுக் கலக்கிப் புளிக்க வைத்து, விடிவதற்குள் இட்லி அவித்து, காரச் சட்னியோடு தோல் கிடங்கு வாசலில் கொண்டுபோய் உட்கார்ந்தாள். முதலே இல்லாத வியாபாரம். அரிசி ஊராருடையது, ஆட்டுவதும் ஊரார், அவளுடையது கல்லும் விறகும்தான். கொஞ்ச நாளிலேயே கோலி வாடகையும் ரேஷனும் அந்தக் கல்லை நம்பித்தான் என்றாகிவிட்டது.

ஒரு வீட்டு மாவு அரிசி, ஒரு வீட்டு மாவு பாதிக்குப் பாதி சோளம். மான்குர்த் பக்கமிருந்து சோதனைக்காரர் கண்ணில் படாமல் சேலை மடிப்பில் ஒளித்துக் கொண்டுவரும் புழுங்கலரிசி கிடைத்த வீட்டு மாவு மட்டும் பூப்போல இருக்கும். எல்லாம் கலந்தால் இட்லி ஒரு தினுசான செம்பட்டை நிறத்தில் வந்தது. "என்ன ஆச்சி, செங்கலப் பொடிச்சுப் போட்டியளா?" என்று கிடங்குக்காரர்கள் கேலி செய்வார்கள், கேட்டுக்கொண்டே தின்பார்கள்.

வாடகை ஒரு கை. யாருடைய கை? வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆட்டியவளே வைத்தால் விரலைக் குறுக்கிக்கொண்டு வைக்கிறாள் என்று முப்பிடாதிக்குச் சந்தேகம். முப்பிடாதியே எடுத்தால் விரலை அகட்டி அள்ளுகிறாள் என்று ஆட்டியவளுக்குச் சந்தேகம். கடைசியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டி வழவழப்பாக்கி அதையே அளவு என்றாள். பத்து நாளில் அந்தச் சிரட்டையும் பெரிதாகிவிட்டது என்று பேச்சு வந்தது. சிரட்டை எப்படியம்மா வளரும் என்று யாரும் கேட்கவில்லை. அரிசிப் பஞ்சத்தில் எதுவும் வளரும், அரிசியைத் தவிர.

அவளும் சும்மா இருக்கவில்லை. வெளியே போகும்போதெல்லாம் குழவியை உருட்டி கோலிக்குள் வைத்துவிட்டுத்தான் போவாள். குழியின்மேல் ஒரு பலகையைப் போட்டு மூடி, பலகையின் மூலையில் ஒரு எரிந்த தீக்குச்சியை வைப்பாள். திரும்பி வந்ததும் முதலில் தீக்குச்சி கிடக்கிறதா என்று பார்ப்பாள், அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவாள். "கல்லத் தூக்கிட்டா போயிருவாவ?" என்று வெயிலுமுத்து கேட்பான். "கல்லத் தூக்க வேண்டாம். திருட்டுத்தனமா ஆட்டிட்டுப் போனா வாடகை யாரு தருவா, உங்க பட்டறையா?" என்பாள்.

இரண்டு மூன்று மாசத்தில் கல் மழமழவென்று தேய்ந்துவிட்டது. இத்தனை வீட்டு மாவு ஆட்டினால் தேயாமல் என்ன செய்யும்? ஆட்டுகிறவர்களுக்குத் தோள் கழன்றது, மாவு மசியவில்லை. முனகல் ஜாஸ்தியாகவே, தெருவில் கூவிக்கொண்டு போன கல் கொத்துகிறவளை முப்பிடாதி கூப்பிட்டாள். அவள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து குழியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கொத்தினாள். கூலியாக இட்லியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு எழுந்தபோது, "பெஹலா சாவல் ஃபேங்க் தேனா, பாயி," என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் ஆட்டுகிற அரிசியை வீசிவிடு என்று அர்த்தம்.

சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. கொத்தின கல்லில் கல்பொடி ஒட்டியிருக்கும், கழுவினாலும் போகாது. ஊரில் தவிட்டைப் போட்டு ஆட்டித் தள்ளுவார்கள். பம்பாயில் தவிட்டுக்கு எங்கே போக? ஒரு பிடி அரிசியைப் போட்டு ஆட்டி, அந்தப் பொடியெல்லாம் மாவோடு வரும்படி வழித்துக் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் அந்த வருஷத்தில் அரிசியைக் கொட்டுவதா? முப்பிடாதி தென்னந்துடைப்பக் கட்டையால் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர் விட்டு அலசினாள். போதும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

எதிர்வாசலிலிருந்து மரியசூசையின் மனைவி தெரசம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதிக்கு நாலைந்து வயது மூத்தவள், வள்ளியூர்க்காரி, அதிகம் பேசமாட்டாள்.

"முப்பிடாதி, ஒரு பிடி அரிசி போட்டு ஆட்டி வீசிரு. பிள்ளையளுக்குப் பல்லுல கடிபடும்," என்றாள்.

"சரி மைனி," என்றாள் முப்பிடாதி. உள்ளே போய்ப் புருஷனிடம், "பாத்தியளா? என் அரிசிய நான் குப்பையில கொட்டணுமாம். எரியுது அவளுக்கு," என்றாள்.

கொத்தினதற்கு மறுநாள் சந்தில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியது. முப்பிடாதி குழியை ஆழமாக்கிவிட்டாளாம். ஆட்டுகிற மாவில் பாதி இனி குழிக்குள்ளேயே தங்குமாம். எல்லாரும் போன பிறகு அவள் விரலை விட்டு வழித்து எடுத்துக்கொள்வாளாம். இதைக் கிளப்பியவள் கடைசிக் கோலி சொர்ணம்மாள். அவளுக்கு இது பொழுதுபோக்கு. ஆனால் முப்பிடாதி அந்தப் பக்கம் நினைக்கவேயில்லை. கல் கொத்தும்போது எதிர்வாசலில் நின்று பார்த்தது யார்? தெரசம்மாள். அப்படியானால் அவள்தான்.

ஆட்டுவதற்கு முறை உண்டு. கழுவின கல் காயட்டும் என்று அன்று யாரையும் ஆட்ட விடவில்லை; அதற்கடுத்த நாள் காலையில் முதல் முறை தெரசம்மாளுடையது. முப்பிடாதி இதை எண்ணிப் பார்த்தாள். கல்பொடி கொஞ்சம் இருந்தால்தான் என்ன? முதலில் ஆட்டுகிறவளோடு போய்விடும். புரளி கிளப்புகிற வாய்தானே, கொஞ்சம் மண்ணையும் மெல்லட்டும். நினைத்தபோது ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தோடு குழவியை உள்ளே உருட்டி வைத்து, தீக்குச்சியையும் வைத்துவிட்டு, மத்தியானம் ரேஷன் கடைக்கு வரிசை பிடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது தீக்குச்சி கீழே கிடந்தது.

பலகையைத் தூக்கினாள். குழி ஈரமாக இருந்தது. கழுவித்தான் விட்டிருந்தார்கள், ஆனால் விளிம்பில் நகக்கீறல் போல் ஒரு வெள்ளைக் கோடு. தொட்டு முகர்ந்தாள். பச்சை மாவு. உள்ளே ஓடிப் போய்க் குழவியைத் தொட்டாள், அடிப்பக்கம் சில்லென்று இருந்தது. வெயிலுமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"யாருங்க வந்தா?"

"எனக்கென்ன தெரியும்? தூங்கிட்டேன்."

"குழவி நனஞ்சிருக்கு."

"தண்ணி பட்டிருக்கும்."

முப்பிடாதி வாசலில் வந்து நின்றாள். எதிரே தெரசம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் சேலை முந்தியில் மாவு தெறித்துக் காய்ந்திருந்தது. வேறு சாட்சி என்னத்துக்கு? வாடகை கொடுக்காமல், ஆள் இல்லாத நேரம் பார்த்து, புதிதாகக் கொத்தின கல்லில் சுகமாக ஆட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அதற்கு வெயிலுமுத்துவும் உடந்தை. பட்டறை மூடினதிலிருந்து அந்த வீட்டோடு என்ன ஒட்டு உறவு வேண்டிக் கிடக்கிறது இவருக்கு? அன்று ராத்திரி புருஷனுக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

மறுநாள் காலை, உரலுக்குச் சற்றுத் தள்ளியிருந்த குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்ற நேரம். தெரசம்மாள் ஊறவைத்த அரிசியோடு உரலுக்கு வந்தாள். முப்பிடாதி குழவிமேல் கையை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"நேத்து ஆட்டினதுக்கு வாடகைய வச்சிட்டு இன்னிக்கு ஆட்டுங்க மைனி."

தெரசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து என்னத்த ஆட்டினேன்?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் ரேஷன் கடையில நிக்கும்போது எங்க வீட்டுக் குழவி தானா உருண்டு வெளிய வந்துச்சா?"

"முப்பிடாதி, வேண்டாம்."

"என்ன வேண்டாம்? கல்லுக் குழிய நான் ஆழமாக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லத் தெரியுது. ஒரு சிரட்ட மாவு வைக்க வலிக்குது. கோவிலுக்குப் போயி முட்டங்கால் போட்டுச் செபம் சொன்னா மட்டும் போதுமா? சோர்! கைய வச்சுட்டு மூடி மூடிப் பேசுதது!"

சோர் என்ற சொல் விழுந்ததும் குழாயடியில் குடம் பிடித்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்ச் சண்டையில் ஆயிரம் பேசலாம். திருடி என்று அந்தச் சந்தில் யாரும் யாரையும் அதுவரை சொன்னதில்லை. தெரசம்மாள் என்னமோ சொல்ல வாயெடுத்தாள், குழாயடியில் குடத்தோடு வெயிலுமுத்து நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், சொல்லவில்லை. அரிசிப் பாத்திரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இனி உன் கல்லுல என் கை படாது," என்றாள். போய்விட்டாள்.

முப்பிடாதிக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அடுத்த முறைக்காரி சைனப்பைத் திரும்பிப் பார்த்தாள். சைனப் கீழக்கரைப் பக்கத்துப் பெண், சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிறவள். அவளும் பாத்திரத்தைத் தூக்கினாள். "இன்னிக்கு மைலோ சோளந்தான் இருக்கு அக்கா, ரொட்டி தட்டிக்கிறேன்," என்றாள். பிறகு இன்னொருத்திக்கு உளுந்து ஊறவில்லை. இன்னொருத்திக்குக் கை வலி. இன்று தெரசம்மாளைச் சொன்ன வாய் நாளைக்கு நம்மைச் சொல்லாதா என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அன்று ஊர்வாய் தானாகவே மூடிக்கொண்டது, அதுதான் முப்பிடாதியை அடித்தது.

அன்று போணி காலி. மறுநாளும் காலி. இட்லிப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. தோல் கிடங்கு வாசலில் அவள் உட்காருகிற இடத்தில் ஒருவன் பாவ் ரொட்டியும் சாயாவும் விற்க ஆரம்பித்தான் என்று வெயிலுமுத்து வந்து சொன்னான். அவன் வேலை தேடி மாஹிம் வரையில் நடந்து, மான்குர்த் வரையில் நடந்து, வெறுங்கையோடு திரும்பினான். கோலி வாடகை கேட்டு ஆள் வந்துவிட்டுப் போனான். பிரம்மநாயகம் மாதிரி ஊருக்கே போய்விடலாமா என்று அவன் ஒருநாள் கேட்டபோது, முப்பிடாதிக்கு அந்த உரலைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதைக் கொடுத்தவர்களும் இப்படித்தானே கிளம்பினார்கள்.

வீம்பு மட்டும் குறையவில்லை. "நமக்கு யாரு தயவும் வேண்டாம். நானே அரிசி வாங்கி நானே ஆட்டுதேன்," என்று சொல்லிவிட்டு, டப்பாவில் கடைசியாகக் கிடந்த அரிசியை நனையப் போட்டாள். சாயங்காலம் அவளே உட்கார்ந்து ஆட்டினாள். கொத்தின கல் அல்லவா, மாவு வெண்ணெயாக வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு பொடி மண் இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பாக உள்ளே வந்தாள்.

"பாருங்க! கொத்தின கல்லுக்கு ஒரு பிடி அரிசியப் பாழாக்கணும்னு சொன்னாளுவள்ளா? வெறும் தண்ணியில கழுவினேன், ஒரு குறுமண்ணு இருக்கா பாருங்க! அவ சொன்னான்னு வீசியிருந்தா எனக்கு நட்டம். எனக்கு அப்பமே தெரியும்."

வெயிலுமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாதுவான மனுஷன். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சுக்கு அவன் எதிர்ப்பேச்சு பேசியதைக் கைவிரல் விட்டு எண்ணலாம். எழுந்தான். பரண்மேல் தன் வேலைப்பைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தான். மூடியைத் திறந்ததும் புளித்த நாற்றம் குப்பென்று அடித்தது. இரண்டு நாளாக அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று முப்பிடாதி பக்கத்துக் கோலிக்காரர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"விரல வையி," என்றான்.

"என்னது இது?"

"வையின்னா வையி."

வைத்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நறநற என்றது. மாவு பாதி, கல் பாதி. அவளுக்குப் புரியவில்லை.

"இந்த மண்ணு எங்க கெடந்தது தெரியுமா? உன் கல்லுல. தண்ணியில கழுவினா போயிருச்சுன்னியே, அந்தக் கல்லுல. நீ ரேஷன் கடைக்குப் போனப்ப தெரசம்மா மைனி வந்தாவ. வீட்டுல கெடந்த குருணையும் கொஞ்சம் ரேஷன் அரிசியும் கொண்டாந்து, 'தம்பி, குழவியக் குடுங்க, முப்பிடாதி வீச மாட்டா, காலையில என் பிள்ளையதான் முதல்ல திங்கும்'னாவ. ஆட்டினாவ. வழிச்சு சாக்கடையில கொட்டப் போனாவ. எனக்குத்தான் மனசு கேக்கல, அரிசியாச்சே, பசை காய்ச்சலாம்னு வாங்கி வச்சேன். அவிய வீட்டுக்கு ஒரு துளி மாவு கொண்டு போவல."

முப்பிடாதி விரலைப் பார்த்தபடியே நின்றாள். அப்போதும் பாருங்கள், அந்த மனசு தன் குணத்தை விடவில்லை.

"அவளுக்கு என்ன ஆதாயம்?" என்று கேட்டாள்.

"பிள்ளைக்குப் பல்லுல கல்லு கடிபடாது. அதான் ஆதாயம். நமக்கும் இட்லியில மண்ணு வந்து யாவாரம் கெட்டுப் போவாது. அதும் அவியதான் சொன்னாவ."

"அப்பம் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னாவல்லா. எதிர்வாசல்ல நின்னு சொன்னாவல்லா! நீ உள்ள வந்து எங்கிட்ட என்ன சொன்ன?"

முப்பிடாதி விரலைச் சேலையில் துடைத்தாள்.

"ஒன்கிட்ட நல்லது சொல்லணும்னாலும் திருட்டுத்தனமால்லா சொல்ல வேண்டியிருக்கு," என்றான் வெயிலுமுத்து. "'சொல்லாதிய தம்பி, சண்டை வரும்'னு எங்கிட்ட கேட்டுக்கிட்டுப் போனாவ. அன்னிக்குக் குழாயடியில அவிய என்னப் பாத்தாவ. நான் வாயத் தெறக்கல. உன் புருஷன்லா, உன்ன மாதிரிதானே இருப்பேன்."

முப்பிடாதிக்கு வெட்கமாக இருந்தது. உள்ளபடியே, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம். முதல் முறை தெரசம்மாளுடையது என்று எண்ணிக் கல்பொடியை விட்டுவைத்ததும், அதில் ஒரு சந்தோஷம் கண்டதும் அவளுக்கு மட்டுமே தெரியும். புருஷனுக்குக்கூடத் தெரியாது. தெரசம்மாளுக்குத் தெரிந்திருந்ததோ என்னமோ.

காலையில் குழாயடிக்குப் போனாள். குடத்தைக் கீழே வைத்தாள். அழகாகப் பேசிப் பழக்கமில்லாதவள், சண்டை போடுகிற தொனியிலேயே சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க. தெரசம்மா மைனி எங்க கல்லுல திருடல. கொத்தின கல்லுல அவிய அரிசியப் போட்டு மண்ணெடுத்துக் குடுத்தாவ. அது நான் செய்ய வேண்டியது, செய்யல. அவிய பிள்ளை வாயில போனாப் போவட்டும்னு விட்டேன். நான்தான் சண்டாளி."

தெரசம்மாள் வரிசையில் நின்றிருந்தாள். திரும்பவில்லை. குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள்.

முப்பிடாதி வீட்டுக்கு வந்து, அளவுச் சிரட்டையை அடுப்பில் போட்டாள். நன்றாகக் காய்ந்த சிரட்டை, பிரமாதமாக எரிந்தது. குழவியை வாசலிலேயே விட்டாள். போணியை உரலுக்குப் பக்கத்தில் மூடிபோட்டு வைத்தாள். யார் வேண்டுமானாலும் வந்து ஆட்டலாம், அவரவர் கையால் அவரவர்க்குத் தோன்றுகிற அளவு வைத்துவிட்டுப் போகலாம், நான் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். யாரும் நம்பவில்லை. அவளைப் போலவேதானே அவர்களும். ஒளிந்திருந்து பார்ப்பாள் என்று நினைத்தார்கள்.

சைனப் முதலில் வந்தாள். முப்பிடாதி உரலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்சுவரைப் பார்த்து உட்கார்ந்து மிளகாய் கிள்ளினாள். குழவி உருளுகிறது, நிற்கிறது, மாவை வழிக்கிறார்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். அப்புறம் போணி மூடி திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். எவ்வளவு வைத்தாள்? திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கழுத்து கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை அவள் செய்ததில்லை. சொர்ணம்மாளும் வந்தாள், குழியின் ஆழத்தை விரல்விட்டுப் பார்த்துவிட்டு ஆட்டினாள். சிலர் நிறைய வைத்தார்கள், சிலர் பேருக்கு வைத்தார்கள். போணி ஒருமாதிரி நிறைந்தது. இட்லி மறுபடி கிடங்கு வாசலுக்குப் போயிற்று. பாவ் ரொட்டிக்காரன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

தெரசம்மாள் வரவில்லை. மழைக்காலம் வந்து சந்தில் தண்ணீர் நின்றபோதும் வரவில்லை. மரியசூசைக்கும் கிடங்கில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்றாகிவிட்டதாகக் கேள்வி. ஒருநாள் மத்தியானம் மழை விட்டிருந்த நேரத்தில் எதிர்வாசல் கதவு திறந்தது. முப்பிடாதி அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் காலடியை அவளுக்குத் தெரியும்.

குழவி உருண்டது. வழித்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். காலடி எதிர்வாசலுக்குப் போயிற்று. போணி மூடி சத்தமே கேட்கவில்லை.

முப்பிடாதி மிளகாயைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். தெரசம்மாள் வருவாள், ஆட்டுவாள், ஒரு துளி வைக்காமல் போவாள். சொர்ணம்மாள் இதைக் கண்டுபிடித்துக் காதில் போட வந்தபோது, "அவிய கல்லு, அவிய ஆட்டுதாவ. ஒனக்கென்ன?" என்று முப்பிடாதி எரிந்து விழுந்தாள். திருடி என்று சொன்ன வாய்க்கு இது வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. எத்தனை நாள் வைக்காமல் போனாலும் கேட்கமாட்டேன் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் காது அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

தீபாவளி தாண்டி, கிறிஸ்துமஸுக்கு முந்தி, ஒரு விசேஷமும் இல்லாத நாள். மழையும் இல்லை, வெயிலும் பெரிதாக இல்லை. தெரசம்மாள் வந்து ஆட்டினாள். வழித்தாள். கழுவினாள். காலடி நகரவில்லை. முப்பிடாதி மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அன்று பேசினதைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறாளா? ஏதாவது சொல்லப் போகிறாளா? எதற்கு நிற்கிறாள்?

டக் என்று மூடி திறந்தது. பிறகு மூடியது. காலடி எதிர்வாசலுக்குப் போயிற்று.

அவள் போய்க் கதவைச் சாத்தும்வரை முப்பிடாதி திரும்பவில்லை. அப்புறம் எழுந்து வந்து போணியைத் திறந்தாள். காலையில் சேர்ந்த வெள்ளை மாவின்மேல், சோளம் கலந்த செக்கச்செவேலென்ற மாவு ஒரு கை, விரல் தடத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. குறுக்காத கை. அவளுக்கு அதைக் கலக்க மனசு வரவில்லை. போணியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

வேலை தேடிப் போயிருந்த வெயிலுமுத்து சந்துக்குள் வந்தான். அவளைப் பார்த்துப் பதறிப்போய், "என்னளா? யாரு என்ன செஞ்சா?" என்றான்.

"யாரும் ஒண்ணும் செய்யல," என்றாள் முப்பிடாதி. "மூடிச் சத்தம் கேட்டுது."